அம்மன் படம் பிடிக்கும்னு வெளிய சொல்றதுக்கும், அத ஒழுங்கா பாக்கறதுக்கும் ஒரு வழிகாட்டி

ஆடி வெள்ளிக்கிழமை மத்தியானம் டிவில அம்மன் படம் ஓடும், வீட்ல இருக்கற அத்தன பேரும் ஒரு கண்ணு அதுலதான் வெச்சிருப்பாங்க, ஆனா திங்கக்கிழமை ஆபீஸ்ல என்ன படம் பாத்தன்னு யாராவது கேட்டா ஒரு கொரியன் சீரிஸ் பேரு வரும், ஒரு மலையாளப் படத்து பேரு வரும், பாளையத்து அம்மன் பேரு மட்டும் வாயில வரவே வராது. லெட்டர்பாக்ஸ்டுங்கற சினிமா ஆப்புல புடிச்ச நாலு படம் போடற இடத்துல ஆட்டுக்கார அலமேலுவ போட்ட ஆள இன்னும் நான் பாக்கல. ஆனா அந்த எண்ட்ரி சீனு, சூலம் பறந்து வர்றது, வில்லன் கண்ணு பிதுங்கி சாவறது எல்லாம் எல்லாருக்கும் ஷாட் ஷாட்டா மனப்பாடமா இருக்கும். இப்படி உள்ளுக்குள்ள ரசிச்சுட்டு வெளிய மறைக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். அப்பறம் இந்தப் படங்கள இதுவரைக்கும் கிண்டல் பண்ண மட்டுமே போட்டுப் பாத்தவங்க, ஒரு தடவையாவது முழுசா உக்காந்து பாக்கணும்னு நெனச்சா அவங்களுக்கும் சேத்துதான்.

முதல்ல பண்ண வேண்டிய வேலை, கூச்சம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கறது. இது தெரியாம மத்தது எதுவும் வேலைக்காகாது.

திருவிளையாடல எடுத்துக்கங்க. 1965, ஏ.பி.நாகராஜன், சிவாஜி. அதுவும் சாமி படம்தான், அதுலயும் சாமி மனுஷ வேஷம் போட்டுட்டு இறங்கி வருவாரு, கடலுக்குள்ள போயி பெரிய மீனோட சண்டை போடுவாரு, நெத்திக்கண்ண தொறப்பாரு, எல்லாமே செட்டும் ட்ரிக் ஷாட்டும்தான். அத பிடிக்கும்னு சொல்ல யாரும் வெக்கப்படறதில்ல, சபையில மைக் புடிச்சு தருமி சீன நடிச்சே காட்டுவாங்க. அதே நெத்திக்கண்ண அம்மன் தொறந்தா மட்டும் ஏன் சிரிப்பு வருது? திருவிளையாடல்ல பாண்டியன் சபை, நக்கீரர், செந்தமிழ் வசனம் எல்லாம் இருக்கு. அம்மன் படத்துல வேப்பிலை, கூழு, தீச்சட்டி, பம்பை, உடுக்கை, தலைய விரிச்சுப் போட்டு ஆடற பொம்பளைங்க. யாரு இந்தப் படத்துக்கு கூட்டம் கூட்டமா போனாங்கன்னு பாத்தா பி சென்டர் சி சென்டர்னு சொல்ற சின்ன ஊரு தியேட்டர்ல மேட்னிக்கு வந்த பொம்பளைங்க, வேலைக்குப் போயிட்டு வந்த கைக்காசுல டிக்கெட் எடுத்தவங்க, மடியில ஒண்ணு கையில ஒண்ணுன்னு புள்ளைங்களோட வந்தவங்க. நம்ம கூச்சம் படத்தப் பத்தினது கெடயாது, அந்தக் கூட்டத்தோட நம்மளையும் சேத்து எண்ணிடுவாங்களோங்கற பயம் அது. இத நான் ரொம்ப நாளா யோசிச்சுத்தான் சொல்றேன்.

இன்னொரு உதாரணம் இத விட பளிச்சுன்னு இருக்கும். 1990-ல பேபி ஷாமிலி நடிச்ச படங்கள்ல ரெண்ட மட்டும் எடுத்துக்கங்க. ஒண்ணு மணிரத்னத்தோட அஞ்சலி, அதுக்கு தேசிய விருது கெடச்சுது. இன்னொண்ணு ராம நாராயணனோட துர்கா, குரங்கும் நாயும் சேந்து ஒரு குழந்தைய காப்பாத்தற கதை. அதே வருஷம், அதே குழந்தை, அதே கண்ணு. அஞ்சலி பிடிக்கும்னு சொன்னா நல்ல டேஸ்டு, துர்கா பிடிக்கும்னு சொன்னா ஒரு சிரிப்பு. ஆனா "பாப்பா பாடும் பாட்டு" ரேடியோல வந்தா சிரிச்ச ஆளும் அடுத்த வரிய கூடவே பாடும், வேணும்னா பாடிப் பாக்கச் சொல்லுங்க.

சரி, எங்க ஆரம்பிக்கறது.

என்னக் கேட்டா அம்மன்ல ஆரம்பிங்க. 1995-ல தெலுங்குல அம்மோரு-ன்னு வந்த படத்தோட தமிழ் டப்பிங், கோடி ராமகிருஷ்ணா இயக்கம். சௌந்தர்யா ஒரு ஏழை பக்தை, பெரிய குடும்பத்துல வாக்கப்பட்டு வர்றா, புருஷன் வெளிநாடு போயிடறான், புகுந்த வீட்டு சொந்தக்காரங்களே அவள தீத்துக்கட்டப் பாக்கறாங்க. அப்ப ஒரு சின்னப் பொண்ணு வீட்டு வேலைக்கு வந்து சேருது, அந்தப் பொண்ணு யாருன்னு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. படத்தோட பாதி சுவாரசியம் இதுலதான் இருக்கு, அவளுக்கு இன்னும் தெரியலையேன்னு நாம தவிக்கறது. ராமி ரெட்டி மந்திரவாதியா வந்து பயமுறுத்தினது அந்த வயசுல பாத்த யாருக்கும் இன்னிக்கு வரைக்கும் மறந்திருக்காது. கடைசியில ரம்யா கிருஷ்ணன் உக்கிரமா வந்து நிக்கற கட்டம் வரும், அப்ப அவங்க முகத்த மட்டும் பாருங்க. கண்ணு இமைக்காது. கழுத்து அசையாது. உடம்பு முழுக்க ஒரு நிதானம், கோவம் எல்லாம் பார்வையில மட்டும். நாலு வருஷம் கழிச்சு நீலாம்பரியா வந்தப்பவும், 2015-ல சிவகாமியா வந்தப்பவும் ஊரே கொண்டாடின அந்தப் பார்வை இங்கயே முழுசா இருக்கு. அருந்ததிய எல்லாரும் வெளிப்படையா பிடிக்கும்னு சொல்றாங்க இல்லயா, 2009-ல அத எடுத்ததும் இதே கோடி ராமகிருஷ்ணாதான், தயாரிச்சதும் அம்மோருவ தயாரிச்ச அதே ஷியாம் பிரசாத் ரெட்டிதான். ஆக அருந்ததி ரசிகர்கள் எல்லாரும் பாதி வழி ஏற்கெனவே வந்தாச்சு.

அடுத்தது பாளையத்து அம்மன், 2000, ராம நாராயணன், மீனா அம்மனா வருவாங்க. இதோட கதை ஆரம்பிக்கற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கைக்குழந்தை தவறி கோயில் உண்டியல்ல விழுந்துடுது, உண்டியல்ல விழுந்தது சாமிக்குத்தான் சொந்தம்னு கோயில்ல சொல்லிடறாங்க, பெத்தவ கதறுறா. கேக்கறப்ப இதெல்லாம் சினிமாலதான் நடக்கும்னு தோணும். ஆனா 2024 டிசம்பர்ல திருப்போரூர் கந்தசாமி கோயில்ல ஒரு பக்தரோட ஐபோன் உண்டியல்ல விழுந்துட்டு, விழுந்தது கோயிலுக்குத்தான், வேணும்னா அதுல இருக்கற தகவல மட்டும் எடுத்துக்கங்கன்னு அதிகாரிங்க சொன்னப்ப தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்துல இந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. உண்டியல்ல விழுந்தத திருப்பித் தரக்கூடாதுன்னு 1975-லேர்ந்து நெஜமாவே ஒரு விதி இருக்கு. 2023-ல பழனியில கேரளாவிலேர்ந்து வந்த ஒரு பக்தையோட தங்கச் சங்கிலி இப்படி விழுந்தப்ப கூட, அறங்காவலர் குழுத் தலைவர் சொந்தக் காசுல புது சங்கிலி வாங்கிக் குடுத்தாரே தவிர உண்டியல்லேர்ந்து எடுத்துக் குடுக்கல. ஆக இந்தக் கதை மக்கள் வாழ்க்கையில நெஜமா இருக்கற ஒரு நம்பிக்கைய, ஒரு விதிய எடுத்து அதுக்கு எதிர்ல ஒரு தாயக் கொண்டு வந்து நிறுத்தி, இப்ப என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்குது. இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி கெடயாது. பெரிய பெரிய டைரக்டருங்க ரெண்டு மணி நேரம் அலைஞ்சு வர்ற இடத்துக்கு இந்தப் படம் ஆரம்பத்துலயே வந்துடுது.

2000, 2001 அந்த ரெண்டு வருஷத்துல மட்டும் ராஜகாளி அம்மன், பொட்டு அம்மன், கோட்டை மாரியம்மன்னு வரிசையா வந்துச்சு. எல்லாத்தையும் பாக்கணும்னு கட்டாயம் இல்ல, ரோஜா பிடிக்கும்னா கோட்டை மாரியம்மன், ரம்யா கிருஷ்ணன் பிடிக்கும்னா ராஜகாளி அம்மன், அவ்ளோதான்.

மிருகப் படங்கள் இதோட ஒட்டிப் பொறந்த தங்கச்சி மாதிரி. தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் இல்லாம அதப் பத்தி பேசவே முடியாது. 1967-ல தெய்வச் செயல்னு ஒரு யானைப் படம் எடுத்தாரு, தமிழ்ல சரியாப் போகல. அவர் விடல, அதையே 1971-ல ராஜேஷ் கன்னாவ வெச்சு ஹிந்தில ஹாத்தி மேரே சாத்தின்னு எடுத்தாரு, நாடு முழுக்க ஓடுச்சு, மறுவருஷம் எம்ஜிஆர வெச்சு நல்ல நேரம்னு தமிழுக்கே திருப்பிக் கொண்டு வந்தாரு. 1974-ல பாம்ப வெச்சு வெள்ளிக்கிழமை விரதம், 1977-ல ஆட்ட வெச்சு ஆட்டுக்கார அலமேலு. அலமேலுவா நடிச்ச ஸ்ரீப்ரியாதான் ரெண்டு வருஷத்துல நீயா-ல நாகமா வந்து, தன் ஜோடியக் கொன்னவங்கள ஒவ்வொருத்தரா பழிவாங்கினாங்க. நீயாவ பாக்காதவங்க கூட "ஒரே ஜீவன் ஒன்றே உள்ளம்" பாட்டக் கேட்டிருப்பீங்க, எஸ்பிபியும் வாணி ஜெயராமும். அந்தப் பாட்ட தனியாக் கேட்டு ரசிக்கறத விட படத்துல அது வர்ற எடத்துல கேட்டுப் பாருங்க, அதுல எவ்ளோ துக்கம் இருக்குன்னு அப்பதான் புரியும்.

பேய்ப் பக்கம் போகணும்னா விட்டலாச்சார்யாவோட ஜெகன்மோகினி, 1978, இதுவும் தெலுங்கு டப்பிங்தான். ஜெயமாலினி மோகினியா வந்து அடுப்புல விறகுக்கு பதிலா தன் கால நீட்டி எரிச்சு சமைக்கற சீன் ஒண்ணு இருக்கு. அத பாத்து பயந்தவங்க உண்டு, சிரிச்சவங்க உண்டு, மறந்தவங்க யாரும் இல்ல. பெரிய பட்ஜெட் கிராபிக்ஸ்ல வர்ற பேய் போன மாசம் பாத்தது இந்த மாசம் ஞாபகம் இருக்கறதில்ல, இது மட்டும் இத்தன வருஷமா நிக்குது, ஏன்னா பொம்பளையும் அடுப்பும்ங்கற விஷயம் நம்ம எல்லார் வீட்லயும் இருக்கு.

இனி எப்படி பாக்கறது. இதுலதான் நெறய பேர் கோட்ட விடறாங்க.

தனியா, ஃபோன்ல, ஒன்றரை ஸ்பீடுல, கிளைமாக்ஸ மட்டும் தேடிப் பாக்காதீங்க. இந்தப் படங்களோட முதல் பாதி முழுக்க குடும்பக் கதை, மாமியார், நாத்தனார், குடிகாரப் புருஷன், நகைய அடகு வெக்கறது, சாப்பாட்டுல விஷம் வெக்கறது. அது போரடிக்கற மாதிரி தோணும், ஓட்டி விடலாம்னு கை போகும். விடாதீங்க. அந்த ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணு வாங்கற ஒவ்வொரு அடியையும் நீங்க பாத்திருந்தாதான் கடைசியில சூலம் எறங்கறப்ப உங்களுக்கும் உள்ள ஏதோ எறங்கும். கிளைமாக்ஸ் கிளிப்ப மட்டும் தனியா வெட்டிப் பாத்தா அது வெறும் கலர் புகையும் கத்தலும்தான், சிரிப்பு வரத்தான் செய்யும், அதுக்கு படத்த குத்தம் சொல்ல முடியாது.

கூட ஆள் வேணும். முடிஞ்சா அம்மாவோட, இல்ல பாட்டியோட, அத்தையோட பாருங்க. பக்கத்து வீட்டுக்காரம்மாவக் கூட கூப்பிடலாம். அவங்க படத்தோட பேசுவாங்க, "அந்தப் பாலக் குடிக்காத, அதுல விஷம் இருக்கு"ன்னு திரையப் பாத்து சொல்லுவாங்க, வில்லிய வாய் விட்டு திட்டுவாங்க. நீங்களும் பேசுங்க. அமைதியா உக்காந்து பாக்கறதுக்காக எடுத்த படம் கெடயாது இது, கொட்டகையில நூறு குரலுக்கு நடுவுல ஓடறதுக்காக எடுத்தது. அதனாலதான் ஒரே விஷயத்த மூணு தடவ சொல்லுவாங்க, பின்னணி இசை அவ்ளோ சத்தமா இருக்கும், புள்ள அழறப்பவும் கதை புரியணும்ல. வீட்ல பாக்கறப்ப லைட்ட அணைக்க வேண்டாம், சாப்பிட்டுட்டே பாக்கலாம், நடுவுல எழுந்து போயி குக்கர அணைச்சுட்டு வரலாம், கதை உங்கள விட்டுட்டுப் போகாது.

பாட்டி கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, இத முதல்ல எந்தத் தியேட்டர்ல பாத்தீங்கன்னு. அங்கேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு வேற ஒரு கதை வரும். வாசல்ல அம்மன் சிலை வெச்சிருந்தது, டிக்கெட் எடுத்தவங்களுக்கு குங்குமம் குடுத்தது, பம்பை சத்தம் கேட்டதும் முன் வரிசையில யாருக்கோ அருள் வந்து ஆடினது, சுத்தி இருக்கறவங்க தண்ணி தெளிச்சது. இது நம்மூர் மட்டும் கெடயாது, 1975-ல ஹிந்தில ஷோலே வந்த அதே வருஷம் ஜெய் சந்தோஷி மா வந்துச்சு, ஜனங்க செருப்பக் கழட்டிட்டு தியேட்டருக்குள்ள போனாங்க, திரைய நோக்கி பூவும் சில்லறையும் எறிஞ்சாங்க. சின்ன பட்ஜெட் படம், அந்த வருஷத்துப் பெரிய வெற்றிகள்ல ஒண்ணு.

இங்க ஒரு மரியாதை விஷயம் இருக்கு. உங்களுக்கு நம்பிக்கை இல்லாம இருக்கலாம், எனக்கும் எத்தனையோ கேள்வி உண்டு. ஆனா பக்கத்துல ஒருத்தங்க அம்மன் திரையில வந்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டா அந்த நேரத்துல ஜோக் அடிக்காதீங்க, ஃபோன எடுத்து அவங்கள வீடியோ எடுக்காதீங்க, ரீல்ஸ்ல போடற வேலையே வேண்டாம். அவங்க கும்பிடறாங்க, நீங்க படம் பாக்கறீங்க, ரெண்டும் ஒரே சோஃபாவுல நடக்கலாம், ஒண்ணும் ஆகாது.

கிராபிக்ஸ் மட்டமா இருக்கேன்னு சொல்றவங்களுக்கு: அத மட்டம்னு தள்ளறதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணாங்கன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க, அதுக்கப்பறம் பாக்கற பார்வையே மாறிடும். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எடுத்ததுல பாதி வேலை கேமராவுக்குள்ளயே நடந்தது. ஒரே ஆளு ரெண்டு ரூபத்துல எதிரெதிரா நிக்கணும்னா லென்ஸோட ஒரு பாதிய மறைச்சு எடுப்பாங்க, ஃபிலிம பின்னால சுத்தி மறு பாதிய மறைச்சு மறுபடி எடுப்பாங்க. நடுவுல தூணோ கதவோ இருக்கும் பாருங்க, அந்தக் கோடு தெரியாம இருக்கறதுக்குத்தான். ஆள் மாயமா மறையணும்னா கேமராவ அசையாம நிறுத்திட்டு ஆள வெளிய அனுப்பி மறுபடி ஓட்டறது. இத கண்டுபிடிக்கணும்னா ஊதுபத்தி புகையையும் தீபத்தையும் பாருங்க, ஆள் மறையற அந்த நொடியில புகை சட்டுன்னு ஒரு குதி குதிக்கும். சூலம் தரையிலேர்ந்து எழும்பி கைக்கு வருதுன்னா பெரும்பாலும் கையிலேர்ந்து போட்டத தலைகீழா ஓட்டினது. ஃபிலிம்ல மானிட்டரும் கெடயாது, ஒரு தப்பு நடந்தா முதல்லேர்ந்து எடுக்கணும், ஃபிலிம் ரோல் காசு, நேரம் காசு, அதுக்கு நடுவுல இத்தன ஷாட்ட யோசிச்சு கணக்கு போட்டு முடிச்சிருக்காங்க. அந்தக் கேமராமேன்களுக்கு நான் எழுந்து நின்னு கைதட்டுவேன்.

யானை நடிப்பும் அப்படித்தான், கவனிச்சா ஒரு விஷயம் பிடிபடும். யானை மொகம் க்ளோசப், அடுத்து வில்லன் கத்திய எடுக்கறான், மறுபடி யானை மொகம், பின்னாடி உறுமி சத்தம். யானை அந்த ரெண்டு ஷாட்டுலயும் ஒண்ணுமே பண்ணியிருக்காது, கண்ண சிமிட்டிட்டு நின்னிருக்கும். கோவம் வந்தது நமக்கு. எடிட்டிங் டேபிள்ல உக்காந்தவங்க நம்ம மனசுல அத உண்டாக்கறாங்க. ஆடி வெள்ளிங்கற படத்துல வர்ற யானை சீனுங்கள இப்படி ஒரு தடவ ஷாட் ஷாட்டா பாருங்க, சினிமா எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க இத விட எளிமையான பாடம் கெடைக்காது.

பிடிக்கும்னு சொல்றதுக்காக எல்லாத்தையும் முழுங்கணும்னு அர்த்தம் கெடயாது. இதையும் தெளிவா வெச்சுக்கங்க, ஏன்னா எதிர்ல இருக்கறவங்க இதத்தான் முதல்ல பிடிப்பாங்க. அடிச்சு ஒதைச்ச புருஷன் கடைசி ரீல்ல ஒரு மன்னிப்பு கேட்டுட்டு நல்லவனாயிடறதும், தாலிய கண்ணுல ஒத்திக்கிட்டு அவ அவன ஏத்துக்கறதும் எனக்கு எரிச்சல்தான் வரும். அம்மனே நேர்ல எறங்கி வந்திருக்கா, அவன விட்டுட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மந்திரவாதின்னாலே காட்டுவாசி மாதிரி வேஷம் போட்டுக் காட்டறது தப்பு. பாம்பு பால் குடிக்கற சீன் பாத்துட்டு புள்ளைங்க நெஜம்னு நம்பிடும், பாம்புக்கு பால் செரிக்காதுன்னு பக்கத்துல உக்காந்து சொல்லிடுங்க. அப்பறம் அந்தக் குரங்கு, நாய், யானை எல்லாம் எப்படிப் பழக்கப்பட்டுச்சுங்கற கேள்வி. சைக்கிள் ஓட்டற குரங்கு ஆசைப்பட்டு ஓட்டாது. 2001-ல மிருகங்கள நடிக்க வெக்கறதுக்கு பதிவு பண்ணணும், அனுமதி வாங்கணும்னு மத்திய அரசு விதி வந்துச்சு, அதுக்கப்பறம் இந்த மாதிரி படங்கள் கொறஞ்சு போச்சு. கொறஞ்சது நல்லதுதான். பழைய படத்த பாக்கறப்ப அந்த மிருகத்துக்காக வருத்தப்பட்டுட்டே அது திரையில பண்றத ரசிக்கவும் முடியுது, ரெண்டும் ஒரே நேரத்துல மனசுல இருக்கும், ஒண்ண மறைச்சு ஒண்ண மட்டும் காட்ட வேண்டியதில்ல.

இப்ப வெளிய சொல்ற விஷயத்துக்கு வருவோம்.

"சும்மா டைம்பாஸுக்கு பாத்தேன்", "வீட்ல போட்டிருந்தாங்க", "எவ்ளோ கிரிஞ்சுன்னு பாக்கறதுக்காக பாத்தேன்" இந்த மூணையும் விட்டுடுங்க. இப்படி முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுட்டு ஆரம்பிச்சா அடுத்தவன் சிரிக்கறதுக்கு நாமளே வாசல தொறந்து விட்ட மாதிரி ஆயிடும். நேரா சொல்லுங்க, எனக்கு அம்மன் படம் பிடிக்கும். சொல்லிட்டு ஒரே ஒரு சீன எடுத்து ஏன் பிடிக்கும்னு சொல்லுங்க. பொதுவா "நாஸ்டால்ஜியா"ன்னு சொல்லாதீங்க, அது ஒரு தப்பிக்கற வழி, சின்ன வயசுல தெரியாம பிடிச்சதுன்னு ஆயிடும். வேலைக்காரியா வந்த சின்னப் பொண்ணு யாருன்னு தெரியாம அவள ஏவற அந்த சீன்ல எனக்கு தொண்டை அடைக்கும்னு சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்கறவர் சிரிக்க மாட்டாரு. ரெண்டு நிமிஷத்துல அவரோட ஒரு சீன் வெளிய வரும், நாகம் வந்து குழந்தைக்கு நெழல் குடுக்குமே அது எந்தப் படம்னு கேப்பாரு.

யாராவது இதெல்லாம் மூடநம்பிக்கை வியாபாரம், எடுத்தவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆரம்பிச்சா ராம நாராயணனப் பத்தி சொல்லுங்க. 1981-ல விஜயகாந்த வெச்சு ஏவிஎம்முக்கு சிவப்பு மல்லி எடுத்தவர் அவர்தான், பேர்லயே தெரியுது அது எந்தப் பக்கம் நின்ன படம்னு. 1989-ல காரைக்குடியில திமுக சார்பா நின்னு எம்எல்ஏ ஆனாரு. ஒம்போது மொழியில நூத்துக்கும் மேல படம் பண்ணாரு, 2014-ல காலமானாரு. அவரோட தேனாண்டாள் நிறுவனத்தோட நூறாவது படம்தான் மெர்சல். சிவப்புக் கொடி படம் எடுத்த அதே ஆளு வேப்பிலைப் படத்துக்கு வந்தது காசுக்காக மட்டும்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அப்படிப் பாக்கல. ரெண்டுலயும் ஒரே ஆளுங்கதான் உக்காந்து பாக்கறாங்க, பண்ணையார் கிட்டயோ மாமியார் கிட்டயோ திருப்பிப் பேச முடியாதவங்க. சிவப்பு மல்லில அவங்களுக்காக ஊர் ஜனம் எழுந்து நிக்குது, இங்க அவங்களுக்காக அம்மன் எழுந்து வர்றா. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எடுக்க மாட்டான், பெத்த வீட்ல திரும்பிப் போன்னு அனுப்பிடுவாங்க, பஞ்சாயத்துல அவளையே குத்தம் சொல்லுவாங்க, இப்படி எல்லாக் கதவும் மூடின பொண்ணுக்கு ரெண்டரை மணி நேரத்துக்குள்ள நியாயம் கெடைக்கற இடம் மேட்னி ஷோவா இருந்துச்சு. அதுக்காக அவங்க கண்ணீர் விட்டா அந்தக் கண்ணீர கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல, உங்களுக்கும் வரக்கூடாதுன்னு ஆசைப்படறேன்.

புதுசா வந்ததுங்கள பத்தி ஒரு வார்த்தை. 2020 தீபாவளிக்கு ஓடிடில வந்த மூக்குத்தி அம்மன்ல நயன்தாரா நல்லா இருந்தாங்க, ஊர்வசி அத விட நல்லா இருந்தாங்க, ஆனா அது அம்மன் படத்த கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கற படம், நடுவுல போலிச் சாமியார் பத்தி பாடம் எடுக்கப் போயிடும். முழுசா முங்கி எந்திரிக்கற அனுபவம் வேணும்னா பழசுக்குத்தான் போகணும். ஆனா பழசுக்கு வர மாட்டேன்னு அடம் புடிக்கற ஃப்ரெண்டுக்கு முதல் படமா மூக்குத்தி அம்மன போடலாம், அது சுலபமான வாசல். அரண்மனை 4-ல கடைசியில குஷ்பூவும் சிம்ரனும் அம்மன் பாட்டுக்கு ஆடினப்ப தியேட்டர்ல விழுந்த விசில கேட்டவங்களுக்கு இந்த ஆசை எங்கயும் போயிடலன்னு தெரியும்.

இந்த ஆடிக்கு ஆரம்பிக்கறதா இருந்தா வெள்ளிக்கு ஒண்ணா வெச்சுக்கங்க. முதல் வெள்ளி அம்மன். ரெண்டாவது வெள்ளி பாளையத்து அம்மன், ஐபோன் கதைய படத்துக்கு முன்னாடி சொல்லாதீங்க, உண்டியல் சீன் முடிஞ்சதும் நிறுத்திட்டு சொல்லுங்க. மூணாவது வாரம் வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா துர்கா, இல்லன்னா நீயா. நாலாவது வாரம் ஜெகன்மோகினி, அத மட்டும் ராத்திரியில போடுங்க. யூடியூப்ல தேடறப்ப ஒரே படம் நாலஞ்சு எடத்துல இருக்கும், மத்த காப்பிய விட நீளம் கொறச்சலா இருந்தா பெரும்பாலும் டிவிக்காக பாட்டையோ குடும்பக் கதையையோ வெட்டினதா இருக்கும், நீளமானதா பாத்து எடுங்க. சில காப்பில காப்பிரைட்டுக்காக படத்த இடம் வலமா திருப்பிப் போட்டிருப்பாங்க, அம்மன் எடது கையால ஆசீர்வாதம் பண்றா மாதிரி இருந்தா அந்தக் காப்பிய மூடிட்டு வேற தேடுங்க. அம்மாவ முன்னாடியே கூப்பிட்டு சொல்லிடுங்க, அன்னிக்கு வேலைய சீக்கிரம் முடிச்சுட்டு வந்து உக்காரட்டும், கூழுக்கு தொட்டுக்க சின்ன வெங்காயத்த நீங்களே உரிச்சு வெச்சிடுங்க.